தாயும் சேயும் நலமா?

பிரசவ அறைக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்தாரிடம் மகப்பேறு மருத்துவர்களாகிய நாங்கள் சொல்லும் சொற்றொடர் ஒன்று உண்டு: "தாயும் சேயும் நலம்." அந்த மூன்று சொற்களைக் கேட்டதும் வராந்தாவே மாறிவிடும். பாட்டி கைகூப்புவார், தகப்பன் இனிப்பு வாங்க ஓடுவார், கைபேசிகள் ஒலிக்கத் தொடங்கும். பதினேழு ஆண்டுகளாக இத்துறையில் இருக்கும் நான் அதை எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. சொன்னபோது ஒருமுறையும் பொய் சொன்னதாக எண்ணியதில்லை. ஆனால் அச்சொற்களை நான் சற்று அவசரப்பட்டுச் சொல்லிவந்திருக்கிறேன் என்று இப்போது கருதுகிறேன். ஏன் என்பதை இவ்விதழின் வாசகர்களாகிய தாய்மார்களோடும் அவர்களைப் பேணும் குடும்பத்தாரோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு மருத்துவமனையில் நான் பணிபுரிந்தபோது நடந்தது இது. அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இருபத்தாறு வயதுப் பெண், தலைப்பிரசவம், தாய்வீட்டிலிருந்து வந்திருந்தார். சுகப்பிரசவம்தான். குழந்தையும் பிறந்தவுடன் வீறிட்டு அழுதது. ஆனால் அடுத்த சில நிமிடங்களில் கருப்பை சுருங்காமல் உதிரப்போக்கு கட்டுக்கடங்காமல் போயிற்று. தள்ளுவண்டியில் ஏற்றி அறுவை அரங்குக்கு ஓடினோம். கருப்பையை அகற்றாமலே இரத்தப்போக்கை நிறுத்த முடிந்தது. நான்கு பை இரத்தம் ஏற்றினோம். ஆறாம் நாள் குழந்தையுடன் வீடு திரும்பினார். டிஸ்சார்ஜ் அட்டையில் என் கையெழுத்துடன் அதே சொற்கள் இருந்தன. எங்கள் குழுவுக்கு அது பெருமைக்குரிய நாள்.

ஐந்து மாதங்கள் கழித்து அவர் என் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துவிடுங்கள் என்றார். குழந்தைக்கு ஒரு வயதாவது நிறைய வேண்டும் என்ற விதியைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமல், "இன்னொரு தடவை அந்த அறைக்குள்ள என்னால போக முடியாது டாக்டர்" என்றார். உடன் வந்திருந்த மாமியார் குறுக்கிட்டார்: "குழந்தை பொன்னு மாதிரி இருக்கு டாக்டரம்மா. இவளுக்கு என்ன குறைன்னே எங்களுக்குப் புரியல."

அன்று அரை மணி நேரம் பேசிய பிறகுதான் பலவும் தெரியவந்தன. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத் தடுப்பூசிகளுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் பாட்டிதான். தாய் ஒருமுறைகூட வரவில்லை. ஸ்பிரிட்டின் வாசனை பட்டாலே அவருக்குக் கைகால் நடுங்கியது. இரயில் நிலையத்தில் சுமைவண்டியின் சக்கரம் கிரீச்சிட்டபோது, தாம் மீண்டும் அந்தத் தள்ளுவண்டியில் கிடப்பதாகவே உணர்ந்து, நடைமேடையில் உட்கார்ந்துவிட்டார். இரவில் குழந்தை உறங்கினாலும் அவர் உறங்குவதில்லை. அதன் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தபடி இருப்பார். "ரத்தம் இன்னும் வரலையா? பி.பி. இறங்கிட்டே போகுது" என்று யாரோ கத்திய குரல் நாள்தோறும் காதில் கேட்டது என்றார். அந்தக் குரல் என்னுடையது.

"இதையெல்லாம் ஏன் யாரிடமும் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "சொன்னேனே டாக்டர். வார்டுல உங்ககிட்டயே சொன்னேன். உயிர் பிழைச்சதே பெரிசு, அதை நினைக்காதீங்கன்னு சொன்னீங்க" என்றார். நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடும். பலரிடமும் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

இந்த நோய்க்குப் பெயர் உண்டு

அவருக்கு இருந்தது மன அதிர்ச்சிக்குப் பிந்தைய அழுத்தக் கோளாறு. பி.டி.எஸ்.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். போர்க்களத்திலிருந்து திரும்பிய வீரர்களையும் விபத்துகளில் தப்பியவர்களையும் பற்றிப் பேசும்போது இச்சொல்லை நீங்கள் கேட்டிருக்கலாம். 1980ஆம் ஆண்டில் அமெரிக்க உளநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இது தனி நோயாக இடம்பெற்றது. பிரசவமும் இதற்குக் காரணமாகலாம் என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ள மேலும் பல ஆண்டுகள் ஆயின. மகிழ்ச்சிக்குரிய நிகழ்வு எப்படி மனக்காயமாகும் என்ற வியப்பே அதற்குத் தடையாக இருந்தது.

பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான மதிப்பீட்டின்படி, பிள்ளை பெற்ற 100 பெண்களில் ஏறத்தாழ 4 பேருக்கு இக்கோளாறு முழு அளவில் ஏற்படுகிறது. அவசர அறுவை, கடும் இரத்தப்போக்கு, குறைமாதப் பிரசவம், குழந்தையின் இழப்பு போன்ற இடர்களைச் சந்தித்தவர்களிடையே இது 100க்கு 18 பேர் வரை உயர்கிறது. பெரிய மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் ஓராண்டில் நடக்கும் பிரசவங்களோடு இந்த எண்ணைப் பெருக்கிப் பாருங்கள். இது அரிய நோயன்று. நாம் பெயரிட்டு அழைக்காத நோய்.

இதன் அடையாளங்கள் நான்கு வகைப்படும். முதலாவது, நடந்தது மீண்டும் மீண்டும் வருதல்: கெட்ட கனவாக, திடீர்க் காட்சியாக, அல்லது இப்போதே நடப்பதுபோன்ற உணர்வாக. இரண்டாவது, அதை நினைவூட்டும் யாவற்றையும் தவிர்த்தல்: மருத்துவமனையை, கர்ப்பிணியான தோழியை, வளைகாப்பு அழைப்பை, கணவரின் நெருக்கத்தை, சில வேளைகளில் குழந்தையின் முகத்தையே. மூன்றாவது, மனமும் எண்ணமும் இருண்டுபோதல்: "என் உடம்பு என்னைக் கைவிட்டது", "நான் நல்ல தாய் இல்லை" என்ற குற்றவுணர்வு, மகிழ வேண்டிய இடத்தில் மரத்துப்போதல். நான்காவது, ஓயாத எச்சரிக்கை நிலை: சிறு ஓசைக்கும் துடித்தெழுதல், தூக்கமின்மை, காரணமற்ற சினம், குழந்தையை நொடிக்கொருமுறை சோதித்தல். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால் அது நோய். சிலருக்கு இது ஆறு மாதங்கள் கழித்தும் முழுமையாக வெளிப்படும்.

பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாள் வாக்கில் வரும் அழுகையும் சோர்வும் பெரும்பாலோர்க்கு உண்டு. இரண்டு வாரங்களுக்குள் அவை தாமாகவே விலகும். பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு நோய் வேறு. அதில் துயரமும் ஆர்வமின்மையும் மேலோங்கும். இங்கு நான் பேசுவதில் மேலோங்குவது அச்சம். இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. அப்போது மனச்சோர்வுக்கு மட்டும் மருந்து கொடுத்து, அச்சத்தைக் கேட்காமலே அனுப்பிவிடும் தவறு எளிதில் நேர்ந்துவிடுகிறது.

இதைக் கோழைத்தனம் என்று யாரும் எண்ண வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்று உணரும் கணத்தில் மூளையின் அமிக்டலா என்னும் பகுதி அபாயமணியை அடிக்கிறது. அந்நிகழ்வை "இது இன்ன நாளில் நடந்தது, முடிந்தும்விட்டது" என்று தேதியிட்டுக் கோப்பில் சேர்க்க வேண்டிய ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி, அந்தப் பெருங்கலக்கத்தில் தன் பணியைச் சரிவரச் செய்ய முடிவதில்லை. எனவே அந்த நினைவு பழைய நினைவாகாமல் நிகழ்காலத்திலேயே நிற்கிறது. ஒரு வாசனையோ ஓசையோ போதும், உடல் மீண்டும் அந்த மேசையில் கிடக்கும். மன உறுதி மிக்கவர்க்கும் இது நேரும்.

கத்தி மட்டும் காரணமன்று

எவருக்கு இது வருகிறது என்ற கேள்விக்கு விடை, எங்களைப் போன்ற மருத்துவர்களுக்குச் சங்கடம் தருவது. பிரசவத்தில் நேர்ந்த சிக்கல் ஒரு காரணம். முன்பே மனநோய் இருந்திருத்தல், முந்தைய வன்முறை அனுபவம், பிரசவத்தைப் பற்றிய கடும் அச்சம், துணையின்மை ஆகியவையும் காரணங்கள். ஆனால் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சுட்டுவது வேறொன்றை: பிரசவத்தின்போது அப்பெண் எப்படி நடத்தப்பட்டார் என்பது. எங்கள் குறிப்பேட்டில் "இயல்பான பிரசவம்" என்று எழுதப்பட்டவர்களிலும் மனக்காயம் பட்டவர்கள் உண்டு. அவசர அறுவை செய்துகொண்டும் அமைதியாக வீடு திரும்பியவர்களும் உண்டு. இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு பல நேரங்களில் ஒன்றுதான்: என்ன நடக்கிறது என்று ஒருவரிடம் யாரோ சொன்னார்கள், இன்னொருவரிடம் யாரும் சொல்லவில்லை.

பிரசவ மேசையில் கிடக்கும் பெண்ணின் இடத்தில் நின்று பாருங்கள். தெரிந்த முகம் ஒன்றுமில்லை. உடல்மீது பலர் கைவைக்கிறார்கள். யார், எதற்காக என்று தெரியாது. வலியில் கத்தினால் அதட்டல். "இதுக்கு மட்டும் தெரியுமா" என்று தொடங்கும் அந்தக் கொச்சைப் பேச்சைத் தமிழகத்துத் தாய்மார் பலரும் ஏதோ ஒரு வார்டில் கேட்டிருப்பார்கள். கேட்டவர் அதை ஆயுள் முழுவதும் மறப்பதில்லை. மருத்துவ நிலையங்களில் பிரசவத்தின்போது பெண்கள் அவமதிக்கப்படுவதையும் துன்புறுத்தப்படுவதையும் ஒழிக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2014இல் தனி அறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது.

நான் எங்கள் துறையைக் குறைத்துப் பேசவில்லை. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100க்கு 99.6 பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நடக்கின்றன. 2018–20ஆம் ஆண்டுகளில் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தபோது, தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை 54 ஆக இருந்தது. கிராமச் செவிலியர் முதல் அறுவை அரங்கப் பணியாளர் வரை பல்லாயிரம் பேரின் உழைப்பு இது. ஆனால் உயிர் பிழைத்தவர்களை மட்டுமே எண்ணி நிறுத்திக்கொள்ளும் காலம் கடந்துவிட்டது. பிழைத்தவர் எப்படி வாழ்கிறார் என்பதும் எங்கள் பொறுப்பே. அதே கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் 100க்கு 44.9 பிரசவங்கள் அறுவை வழி நடக்கின்றன. அவற்றுள் திட்டமிட்டவை எத்தனையோ இருக்கலாம். சில நிமிடங்களில் முடிவெடுத்து ஓடியவையும் உண்டு. அந்த ஓட்டத்தைப் படுத்த நிலையில் பார்த்தவர் நோயாளி ஒருவர் மட்டுமே.

பச்சை உடம்பும் பச்சை மனமும்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் முன்னோர் சொன்னார்கள். அவள் சாவின் வாசல்வரை போய்வருகிறாள் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் "பச்சை உடம்புக்காரி" என்று பெயரிட்டார்கள். காற்று படக்கூடாது, கனமானது தூக்கக்கூடாது என்று காத்தார்கள், பத்தியம் வைத்தார்கள், பிரசவ லேகியம் கிண்டினார்கள், நாற்பது நாள்களுக்கு மேல் தாய்வீட்டில் வைத்துப் போற்றினார்கள். இவற்றுள் மருத்துவ முறைப்படி நான் ஏற்காதவையும் உண்டு. ஆனால் காயம்பட்ட உடலுக்கு ஓய்வும் துணையும் வேண்டும் என்ற அந்த அடிப்படை அறிவு பொன் போன்றது.

அந்த அக்கறை உடலோடு நின்றுவிடுகிறது என்பதே என் வருத்தம். உடம்பு பச்சையாக இருக்கும்போது மனமும் பச்சையாகத்தான் இருக்கும். தையல் பிரிந்துவிட்டதா என்று கேட்கும் நாம், தூக்கம் வருகிறதா என்று கேட்பதில்லை. அவள் அன்று நடந்ததைப் பற்றி வாய்திறந்தால், "நல்ல காரியம் நடந்த வீட்டில் அதை ஏன் பேசுகிறாய்" என்று அடக்குகிறோம். "குழந்தை நன்றாக இருக்கிறதல்லவா, பிறகென்ன?" என்கிறோம். "நாங்களெல்லாம் ஐந்தாறு பெற்றவர்கள்தாம்" என்று ஒப்பிடுகிறோம். சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆறுதல் என்று எண்ணியே சொல்கிறார்கள். ஆனால் கேட்பவளுக்கு அதில் விளங்குவது வேறு: உன் வலிக்கு இந்த வீட்டில் இடமில்லை, குழந்தை நலமாக இருப்பதால் நீ துன்பப்பட உனக்கு உரிமையில்லை.

குழந்தை நலமாக இருப்பதும் தாய் நலமின்றி இருப்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். தன் குழந்தையை உயிராக நேசிக்கும் தாயே, அது பிறந்த நாளை நினைக்க அஞ்சலாம். இதை நாம் ஏற்றுக்கொண்டால் பாதிச் சிகிச்சை வீட்டிலேயே முடிந்துவிடும். ஏற்காவிட்டால் விலை பெரிது. தாய்ப்பால் ஊட்டல் தடைபடலாம். தாய்க்கும் சேய்க்கும் இடையே உருவாக வேண்டிய பிணைப்பு தளரலாம். தம்பதியர் விலகுவார்கள், காரணம் தெரியாமல் கணவர் சினப்படுவார். மருத்துவமனையைத் தவிர்ப்பதால் தாயின் பரிசோதனைகள் விடுபடும். அடுத்த கர்ப்பம் வந்தால் அது ஒன்பது மாத அச்சமாகிவிடும்.

எங்களிடம் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியவை

மருத்துவமனைகள் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவற்றை நீங்கள் கேட்டுப் பெறலாம். அது உங்கள் உரிமை.

முதலாவது, பிரசவத் துணை. தமிழக அரசு மருத்துவமனைகளில் 2004ஆம் ஆண்டிலேயே பிரசவத்தின்போது உறவுப் பெண் ஒருவர் உடனிருக்கும் திட்டம் அறிமுகமாயிற்று. பெண் தாமே தேர்ந்தெடுக்கும் துணை ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. தொடர்ச்சியான துணை பெற்ற பெண்களைப் பற்றி 15,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான அறிக்கை, அவர்களுக்குச் சுகப்பிரசவம் அதிகமாகவும் பிரசவத்தைப் பற்றிய கசப்பு குறைவாகவும் இருந்ததைக் காட்டியது. திருச்சி மலைக்கோட்டையின் தலபுராணம் நாம் அறிந்ததே. காவிரி வெள்ளத்தால் தாய் வர இயலாமற்போக, தனித்துத் தவித்த பெண்ணுக்கு இறைவனே தாயுருவில் வந்து பேறு பார்த்தான் என்பது அக்கதை. பிரசவ நேரத்தில் பெண் தனித்திருக்கக் கூடாது என்ற உணர்வு இம்மண்ணுக்குப் புதிதன்று. ஆயினும் இடமில்லை, தொற்று வரும், வேலைக்கு இடைஞ்சல் என்று காரணம் சொல்லி இன்னமும் பல பிரசவ அறைகளின் கதவு துணைக்கு மூடியே இருக்கிறது. ஒரு திரைச்சீலையும் ஒரு நாற்காலியும் இருந்தால் தீரக்கூடிய இடையூறுகள் இவை.

இரண்டாவது, சொல்லிச் செய்தல். ஆபத்து நேரத்தில் விளக்கமளிக்க நேரம் ஏது என்று என் சகாக்கள் கேட்பது நியாயமே. ஆனால் குழுவில் ஒருவர் தாயின் தலைமாட்டில் நின்று, "இரத்தப்போக்கு அதிகமாக இருக்கிறது, நிறுத்த மருந்து கொடுக்கிறோம், குழந்தை பத்திரமாக இருக்கிறது, நான் உங்களோடு இருக்கிறேன்" என்று சொல்லப் பத்து நொடி போதும். அந்த உதிரப்போக்கு நாளில் எங்கள் அறையில் ஏழு பேர் இருந்தோம். எவரும் அவர் தலைமாட்டில் நிற்கவில்லை. பிறகு வார்டில், அவர் விரும்பும்போது, நடந்தது என்ன, ஏன் நடந்தது என்று அமர்ந்து விளக்க வேண்டும். "அடுத்த முறையும் இப்படி ஆகுமா?" என்ற அவருடைய கேள்விக்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும். நடந்த அனைத்தையும் உடனே ஒருமுறை கொட்டிவிடுங்கள் என்று எல்லாரையும் வற்புறுத்திப் பேசவைக்கும் ஒருமுறை ஆலோசனை பயன் தருவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பேசுவதும் பேசாதிருப்பதும் அவர் விருப்பம். கேட்பதற்கு நாங்கள் இருக்க வேண்டும்.

மூன்றாவது, கேட்டறிதல். ஆறாவது வாரப் பரிசோதனையில் இரத்த அழுத்தம், தையல், கருத்தடை ஆகியவற்றோடு மனநலத்தையும் கேட்க வேண்டும். லண்டன் சிட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட 29 கேள்விகள் கொண்ட அளவீடு இதற்கென்றே உருவானது. அவ்வளவுக்கு நேரமில்லையெனில் இரண்டு கேள்விகளாவது கேட்கலாம்: "பிரசவ நாளின் நினைவு உங்களை வருத்துகிறதா?" "அதனால் எதையாவது தவிர்க்கிறீர்களா?" கேட்டால் இல்லாத அச்சம் வந்துவிடாதா என்பார்கள். என் அனுபவத்தில் அப்படி நேர்ந்ததில்லை. பாதிக்கப்படாதவர் சிரித்துக்கொண்டே "இல்லை" என்கிறார். பாதிக்கப்பட்டவர், "இதைக் கேட்பீர்கள் என்று நினைக்கவே இல்லை" என்கிறார்.

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள்

நீங்கள் மருத்துவர் ஆக வேண்டியதில்லை. தீர்வும் சொல்ல வேண்டியதில்லை. அவர் பேசும்போது இடைமறிக்காமல் கேளுங்கள். "அன்று மிகவும் பயந்துவிட்டாய், இல்லையா?" என்ற ஒரு வாக்கியம், ஆயிரம் அறிவுரைகளைவிட மேலானது. இரவில் ஒரு வேளையாவது குழந்தையைப் பார்த்துக்கொண்டு அவரை நான்கைந்து மணி நேரம் உறங்கவிடுங்கள். உறக்கமின்மை இந்நோயை வளர்க்கும். மருத்துவமனைக்கு வரத் தயங்கினால் திட்டாதீர்கள், உடன் வாருங்கள். பெயர் சூட்டு விழாவில் உற்சாகமாக இல்லையே என்று குறை காணாதீர்கள்.

கணவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அறைக்கு வெளியே நின்று, கையெழுத்துக் கேட்டு ஓடிவந்த செவிலியரின் முகத்தைப் பார்த்தவர்கள் நீங்கள். உங்களுக்கும் இதே கோளாறு வரக்கூடும். ஆண்பிள்ளை அழலாமா என்று அடக்கிக்கொண்டு வேலையில் மூழ்குவதும் மதுவை நாடுவதும் தீர்வல்ல. நீங்களும் எங்களிடம் பேசலாம்.

சிகிச்சை உண்டு. நடந்ததைப் பாதுகாப்பான சூழலில், படிப்படியாக, பயிற்சி பெற்றவரின் துணையோடு எதிர்கொள்ளவைக்கும் அறிதல்–நடத்தைச் சிகிச்சையும், கண் அசைவுகளின் துணையோடு நினைவின் கூர்மையை மழுங்கச் செய்யும் இ.எம்.டி.ஆர். என்னும் முறையும் நற்பயன் தருபவை. பொதுவாகச் சில வாரங்கள், வாரத்துக்கு ஓர் அமர்வு என்ற முறையில் இவை நடக்கும். தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. செர்ட்ராலின் போன்ற மருந்து தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே சேர்வதால், மருத்துவர் மேற்பார்வையில் பாலூட்டிக்கொண்டே உட்கொள்ளலாம். கடையில் தாமாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவது மட்டும் கூடாது.

"பைத்தியம் என்று பெயர் வந்துவிடும்", "குழந்தையைப் பிரித்துவிடுவார்கள்" என்ற அச்சங்களாலேயே பலர் வருவதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதற்கு விடை சொல்கிறது. மனநல நிலையத்தில் சேர்க்கப்படும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது அச்சட்டம். உடல்நோய்க்குரிய அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்றும் கூறுகிறது. பெரும்பாலோர்க்கு உள்நோயாளியாகச் சேரும் தேவையே எழுவதில்லை.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தம்மையோ குழந்தையையோ துன்புறுத்தும் எண்ணம், இல்லாத குரல்கள் கேட்டல், நாள்கணக்கில் உறங்காமல் குழப்பமாகப் பேசுதல் ஆகியவை தெரிந்தால் அது அவசரநிலை. தாயைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மற்ற நேரங்களில், டெலி மனஸ் என்னும் இலவச மனநல உதவி எண்ணான 14416இல் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

நான் தொடக்கத்தில் சொன்ன பெண்ணை உளநல மருத்துவரிடம் அனுப்பினேன். அதற்குமுன், அந்த நாளில் நடந்ததை அவருடைய கோப்பைத் திறந்துவைத்து நிமிடம் நிமிடமாக விளக்கினேன். தாம் கண்மூடியிருந்த நேரத்தில் குழந்தை எங்கே இருந்தது என்பதுதான் அவரை வாட்டிய கேள்வி என்று அப்போது தெரிந்தது. செவிலியர் ஒருவர் குழந்தையைத் தம் மார்போடு அணைத்தபடி அரங்கின் வாசலிலேயே நின்றிருந்தார் என்று சொன்னேன். அவர் வெகுநேரம் அழுதார். வார்டில் நான் சொன்ன சொற்களுக்காக மன்னிப்பும் கேட்டேன்.

பன்னிரண்டு வாரச் சிகிச்சைக்குப் பிறகு எல்லாம் மறைந்துவிட்டதென்று சொல்லமாட்டேன். கெட்ட கனவுகள் குறைந்தன. ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குக் குழந்தையை அவரே தூக்கி வந்தார். ஊசி அறையின் வாசலில் ஒரு கணம் நின்று, மாமியாரின் கையைப் பற்றிக்கொண்டு, உள்ளே போனார். இரண்டாவது குழந்தை வேண்டுமா என்பதை அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. அது அவருடைய முடிவு. அச்சத்தால் எடுக்கும் முடிவாக இராமல், தெளிந்து எடுக்கும் முடிவாக இருந்தால் போதும்.

வராந்தாவில் காத்திருப்போரிடம் இப்போதும் நான் "தாயும் சேயும் நலம்" என்றுதான் சொல்கிறேன். ஆனால் மறுநாள் காலைச் சுற்றில், குழந்தையைத் தொடுமுன் தாயின் அருகே அமர்ந்து, "நேற்று உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்கிறேன். வீட்டுக்குப் போனபின் அதே கேள்வியை நீங்கள் கேளுங்கள். தொட்டிலை எட்டிப் பார்க்குமுன் அவர் முகத்தைப் பாருங்கள்.